பதினொரு பூஜ்யங்கள்

மர்பி டவுன்
14 அக்டோபர் 2024

மகா பாப்பாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று ஏழாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று எனக்குக் கேட்க மனம் வரவில்லை. பிறகு கேட்கிறேன்.

என்னை நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரியில் உன் ஆராய்ச்சிக்கு மாதம் ஒருமுறை வந்து உட்கார்ந்த காந்தா. நர்சரி ஸ்கூல் ஆயா. முதல் நாள் கையெழுத்து வாங்க நீ மைப்பெட்டியைத் திறந்தாய். "பாப்பா, அத மூடு. நான் ஏழாவது பாஸு" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் பேனாவை வாங்கி, பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினேன். அந்தக் காந்தா.

வீட்டில் போன் ஒன்றுதான். அது என் வீட்டுக்காரர் கோவிந்தன் கையில். யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பார். அதனால் கடிதம். நீ கொடுத்த நோட்டின் பின்னட்டையில் ஹெப்பகோடி ஆபீஸ் விலாசம் இருந்தது. பதில் போட்டால் ஸ்கூலுக்குப் போடு.

ஆகஸ்டில் ஊசியை நிறுத்திவிட்டார்கள். "உங்களுக்கு நல்லா கேட்டிருக்கு, இனி தேவையில்ல" என்றார்கள். இப்போது தோல் வியாதியும் திரும்பி வந்துவிட்டது. முழங்கையில், தலையில், உள்ளங்கையில். நடந்தால் கறுப்புப் பாவாடையில் வெள்ளையாக உதிர்கிறது. விரல்கள் காலையில் மடங்க மாட்டேன் என்கின்றன. பிள்ளைகளின் டிபன் பாக்ஸைத் திறக்கப் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

போய்க் கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "வலி ரெண்டுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க" என்றார்கள்.

சொன்னேன். எழுதியது நீ. நீயே மாற்று. இரண்டை எட்டு ஆக்குவது பெரிய வேலையா? எனக்கு அந்த ஊசி வேண்டும். இந்தக் கை போனால் எனக்கு வேறு எதுவும் இல்லை.

இந்த ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆனது.

காந்தா


ஹெப்பகோடி
22 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய காந்தாம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் பாத்ரூமில் நின்று படித்தேன். மூன்று நாள் ஆனது என்ற வரியை மட்டும் பலமுறை படித்தேன்.

என்னை ஆகஸ்டில் இங்கே மாற்றிவிட்டார்கள். எந்த நோயாளியையும் பார்ப்பதில்லை. பெயர்கூட வராது, எண்தான் வரும். நீங்கள் முப்பத்தி நான்கு.

அந்தத் தாள்களை என்னால் மாற்ற முடியாது, அம்மா. ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்து பூட்டிவிட்டார்கள். யார், எந்த நிமிடத்தில் தொட்டார்கள் என்பதுகூடப் பதிவாகும். மாற்றினால் மோசடி என்பார்கள்.

நீங்கள் சேர்ந்த அன்று நான் சரியாக விளக்கினேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இந்தத் தோல் நோயும் மூட்டு வீக்கமும் எப்படி மாறுகின்றன, மருந்து எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் ஆய்வு இது. மாதாமாதம் இரண்டு பக்கக் கேள்விகள். ஆறாம் மாதம் மொத்த எண் நாற்பதுக்கு மேல் வந்தால் ஊசி தொடரும். கீழே வந்தால் நிறுத்திவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள். உங்களுக்குக் கீழே வந்தது.

எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில், நோயாளி சொல்லும் எண்ணை மட்டும் எழுது, முகத்தைப் பார்த்து எழுதாதே என்றார்கள். நான் அதைப் பின்பற்றினேன். ஆனால் முகத்தைப் பார்த்தேன். ஜூலையில் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டி, "மூடி டைட்டா இருக்கு, தெறந்து குடு" என்றீர்கள். ஒரு விரலில் திறந்துகொண்டது. அது இறுக்கமாகவே இல்லை. அடுத்த நிமிடம் வலி எத்தனை என்று கேட்டேன். இரண்டு என்றீர்கள். எழுதினேன்.

ஏன் அம்மா இரண்டு என்று சொன்னீர்கள்?

மகா


மர்பி டவுன்
29 அக்டோபர் 2024

மகாவுக்கு,

என்னைக் கேள்வி கேட்கிறாயா? சரி, கேட்டுக்கொள்.

மூன்றாவது மாதம் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உன் மேடம் ஸ்ரீலக்ஷ்மி கதவைத் திறந்து வைத்துக்கொண்டே உன்னைக் கன்னடத்தில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். "இன்னொப்ரு பிட்டு ஹோத்ரெ நீனே ஜவாப்தாரி" என்றாள். இன்னொருத்தி விட்டுப்போனால் உன் தலையில்தான் என்று. எனக்குக் கன்னடம் தெரியாது என்று நினைத்தாயா? இந்த ஊரிலேயே பிறந்தவள் நான். நீ வெளியே வந்து, ஒன்றும் நடக்காததுபோல, "எப்படி இருக்கீங்க காந்தாம்மா" என்று சிரித்தாய். கண் இரண்டும் ஈரம். துப்பட்டாவில் ஊக்கு குத்தியிருந்தாய், எனக்கு ஒரு பெண் இருந்திருந்தால் அந்த வயதில் அப்படித்தான் குத்தியிருப்பாள். உன்னிடம் போய் ஒன்பது என்றா சொல்வேன்?

இன்னொன்று. பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எனக்குப் பரீட்சை ஞாபகம்தான் வருகிறது. உன் மருந்துக்கு நான் மார்க் போடுகிறேன் என்று நினைத்தேன். வலி அதிகம் என்றால் மருந்து ஃபெயில், கொடுத்த நீ ஃபெயில். தோல்தான் அழகாகச் சரியாகிவிட்டதே. பெற்றோர்கள், "ஆயாவுக்கு என்னமோ வியாதி, கொழந்தைங்களுக்கு ஒட்டிக்கும்" என்று பிரின்சிபாலிடம் போனது நின்றதே. தோலுக்கு நன்றி சொல்லவே மூட்டை மறைத்தேன். டாக்டர் அனந்தபத்மநாபன் விரலை அழுத்தினபோதும் வாயைத் திறக்கவில்லை. அவர், "வெரி குட், ஸ்கின் பாருங்க, சின்னப் பொண்ணு மாதிரி" என்றார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு ஆள் அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் வலி சொல்லத் தோன்றும்?

வாழ்க்கை முழுக்க வேலை செய்த இடத்தில், "முடியலயா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்றுதான் சொல்லிப் பழக்கம். முடியவில்லை என்று சொன்னவர்களை மறுநாள் வரவேண்டாம் என்பார்கள். உனக்கு அது தெரியாதா? நீயும் நீலசந்திராவில் எங்களைப்போன்ற வீட்டில் வளர்ந்தவள்தானே?

மாதவிலக்கு நின்றதும் உடம்பு வேறு யாருடையதோபோல ஆகிவிட்டது. வியர்த்து நனைந்து ஒரு ராத்திரிக்கு இரண்டு ஜாக்கெட் மாற்றுகிறேன். சிரித்தால் சிறுநீர் சொட்டுகிறது. யு.கே.ஜி. பிள்ளைகள் வரிசையில் பாத்ரூமுக்குப் போகும்போது கடைசியில் நானும் நிற்கிறேன். "ஆயாம்மா, நீங்களும் கண்ட்ரோல் பண்ணலயா" என்று ஒரு வாண்டு கேட்கிறது. ராத்திரி வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தால் நான் சுவரோடு ஒட்டிக்கொள்கிறேன். உள்ளே எல்லாம் காய்ந்து, கத்தியால் கீறினதுபோல எரிகிறது. இதை இந்தத் தாளில்தான் முதல்முறையாக எழுதுகிறேன். வாயால் யாரிடமும் சொன்னதில்லை. நீ கேட்டிருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ கேட்கவில்லை.

மோசடி என்கிறாய். படித்தவளுக்கு மோசடி மட்டும் தெரிகிறது. டாக்டரிடமாவது சொல்.

காந்தா


ஹெப்பகோடி
9 நவம்பர் 2024

காந்தாம்மாவுக்கு,

ஒரு வாரமாக இதை எழுதிக் கிழிக்கிறேன். நேரில் என்றால் சொல்லியே இருக்க மாட்டேன்.

நீ கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கேட்டிருக்க வேண்டும். அதற்கு ஒரு பக்கமே இருந்தது.

முதல் பக்கம் வலி, வீக்கம், தோல். இரண்டாம் பக்கத்தில் பதினொரு கேள்விகள். வியர்வை, தூக்கம், சிறுநீர், உலர்வு, கணவனோடு இருக்கும்போது வலி. எல்லாம் அச்சிட்ட தமிழில். வாய்விட்டுப் படித்து, பூஜ்யம் முதல் பத்து வரை பதில் வாங்கி எழுதுவது என் வேலை.

ஒரு மாதமும் நான் அதை உங்களுக்குப் படிக்கவில்லை.

நடுவில் ஒரு துணித் திரை. அந்தப் பக்கம் அட்டெண்டர் டெரிக் உட்கார்ந்து சுடோகு போட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சொற்களை நான் என் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. எனக்கு முதல்முறை மாதவிலக்கு வந்தபோது அம்மா ஒரு துணியை மடித்து மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் இதைப் பற்றிய பேச்சு. கல்லூரியில் இதே பாடத்தை ஆங்கிலத்தில் எழுதி முதல் வகுப்பு வாங்கினேன். என் அம்மா வயதில் இருப்பவரிடம் தமிழில் கேட்க நாக்கு எழவில்லை.

பக்கத்தைத் திருப்புவேன். "இதுல எல்லாம் பிரச்சனை இல்லல்ல?" என்பேன். எதைக் கேட்கிறேன் என்று தெரியாமலே, "இல்ல பாப்பா" என்பீர்கள். பதினொரு பூஜ்யம் போடுவேன். வட்டமாக, அழகாக. ஸ்ரீலக்ஷ்மி மேடம் ஒருமுறை அந்தத் தாளைப் பார்த்து, என் எழுத்து நீட்டாக இருக்கிறது என்று பாராட்டினார்.

நீங்கள் சொன்ன இரண்டுகளோடு முதல் பக்கத்தில் பதினாறு வந்தது. இரண்டாம் பக்கம் பூஜ்யம். உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்து அந்தப் பக்கத்தை நேற்று நானே நிரப்பிப் பார்த்தேன். அந்த ஒரு பக்கமே ஐம்பதைத் தாண்டுகிறது. உங்கள் இரண்டுகள் அப்படியே இருந்திருந்தாலும் ஊசி தொடர்ந்திருக்கும்.

உங்கள் ஊசியை நிறுத்தியது நீங்கள் சொன்ன பொய் இல்லை, அம்மா. என் வெட்கம்.

மகா


ஹெப்பகோடி
27 நவம்பர் 2024

காந்தாம்மாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை.

திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். பேச வராது என்று தெரிந்து, எழுதி எடுத்துப் போய் நீட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நீ படிச்ச பொண்ணுதானே?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்ட மற்ற பெண்களுக்கும் இப்படித்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உங்களையும் சேர்த்து ஒன்பது பேர்.

உங்கள் விரல்களுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஸ்கூலுக்கு ஆள் வரும். ஊசியை மறுபடி தொடங்கச் சொல்லி மேலே எழுதுகிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

மகா


மர்பி டவுன்
19 டிசம்பர் 2024

மகா,

வந்தார்கள். கூட்டிப் போனார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது கையில் மூன்று விரலில் எலும்பின் ஓரம் எலி கடித்த பிஸ்கட்போல இருக்கிறது. டாக்டர்தான் காட்டினார். இனி மருந்து போட்டால் மேலே கெடாமல் நிறுத்தலாம், போனது வராது என்றார்.

"அப்ப ஊசி எப்ப சார்?" என்றேன். பக்கத்தில் நின்ற ஸ்ரீலக்ஷ்மிதான் சொன்னாள். என் தாள்கள் நம்பத்தக்கவை அல்லவாம். அதனால் நான் ஆராய்ச்சியிலேயே கிடையாதாம். உன்னுடைய மற்ற எட்டுப் பேரும் கிடையாதாம். உள்ளே இருந்தால்தான் ஊசியாம். ஊசி நின்ற பிறகு அங்கே கொடுத்துக்கொண்டிருந்த வலி மாத்திரையும் அன்றோடு நின்றது.

"நான் வந்ததே இல்லன்னு சொல்றீங்களா மேடம்?" என்று கேட்டேன். "டேட்டாவுல இல்லம்மா" என்றாள்.

நீ உண்மையைச் சொன்னாய். அதனால் நான் மறைந்துபோனேன். பொய் சொன்னபோதாவது முப்பத்தி நான்காக இருந்தேன்.

ஸ்கூலில் இந்த மாதத்தோடு போதும் என்றுவிட்டார்கள். ஒரு பிள்ளையின் ஷூ லேஸைக் கட்ட முடியாமல் விட்டேன். அது படியில் விழுந்து உதட்டில் ரத்தம். அந்தக் குழந்தையின் தாய் என்னைத் திட்டவில்லை. என் கையைப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

ரேஷன் கடையில் மிஷினில் விரல் வைத்தேன். பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். உரிந்து உரிந்து ரேகை இல்லை. "அம்மா, உங்களுக்குக் கைரேகையே இல்லியே" என்று அந்தப் பையன் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்ததும் நனைந்தேன்.

இனி ஸ்கூலுக்கு எழுதாதே. பக்கத்து வீட்டுத் தமயந்தி பேருக்குப் போடு. விலாசம் பின்னால் இருக்கிறது.

இந்தக் கடிதத்துக்கு எட்டு நாள்.

காந்தா


நீலசந்திரா
30 ஜனவரி 2025

காந்தாம்மாவுக்கு,

வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஜனவரி முதல் வாரத்தில் என்னையும் போகச் சொல்லிவிட்டார்கள். அப்பாவிடம் ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். தெருவில் முதல் டிகிரி என்று வாசலில் பேனர் கட்டியவர் அவர். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, "அடுத்தது பெருசா கெடைக்கும்மா" என்றார்.

அங்கே என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி ஆராய்ச்சியின் முடிவுகளை அனுப்பியிருந்தாள். சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல பலன் என்று இருக்கிறது. ஊசியை நிறுத்திய பிறகும் பலன் நீடித்ததாம். நீடிக்காத ஒன்பது பேரை எடுத்துவிட்டால் எதுவும் நீடிக்கும். கீழே சின்ன எழுத்தில், பதிவுக் குறைபாட்டால் விலக்கப்பட்டோர் என்று ஒரு வரி. அதில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். நானும்.

அரசு ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். வாரம் ஒருமுறை போடும் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். மூட்டுக்கு ஓரளவு கேட்கும், ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மூட்டு டாக்டர் வருவார். நான் வந்து கூட்டிப் போகட்டுமா? வேண்டாம் என்றால் வாசலிலேயே நின்றுவிட்டுப் போகிறேன்.

இன்னொன்று. அந்தப் பதினொரு கேள்விகளையும் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அச்சில் இருந்த தமிழில் இல்லை. நம் வீடுகளில் பேசுவதுபோல. பேசியிருந்தால் எப்படிப் பேசியிருப்போமோ அப்படி. ஒன்றையும் விடவில்லை. இந்தப் பதில்களை வாங்கிக்கொள்ள இனி ஆபீஸ் இல்லை. ஆறு மாதம் நான் கேட்காமல் விட்டதை ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும் என்றுதான்.

மகா


மர்பி டவுன்
3 மார்ச் 2025

மகாவுக்கு,

இதை எழுதுவது தமயந்தி. பக்கத்து வீடு. காந்தாக்கா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். சொன்னதை மட்டும் எழுதச் சொன்னார்கள்.

மகா பாப்பா, செவ்வாய்க்கிழமை நானே போய்விட்டு வந்தேன். மாத்திரை கொடுத்தார்கள். நான்கு வாரம் போட்டேன். வாந்தி. ரத்தம் பார்த்துவிட்டு ஈரல் தாங்கவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். வேறு பார்க்கலாம் என்கிறார்கள். எப்போது என்று சொல்லவில்லை. நான்கு விரல் மடங்கியது மடங்கியபடி நிற்கிறது. சோறு ஸ்பூனில். ஜாக்கெட் ஊக்கை வீட்டுக்காரர்தான் போட்டுவிடுகிறார். திட்டிக்கொண்டேதான், ஆனாலும் போட்டுவிடுகிறார்.

நீ அனுப்பிய தாள் வந்தது. பதினொன்றையும் படித்தேன். நல்லா கேட்டிருக்கிறாய். இப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

பதில் எல்லாம் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எண்கூட யோசித்து வைத்திருக்கிறேன். ஆனால் தமயந்தி எழுத வேண்டும். அவள் இப்போதுதான் கல்யாணம் ஆனவள். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கை இருந்தபோது நீ கேட்கவில்லை. நீ கேட்கும்போது கை இல்லை.

வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வா. வந்தால் இரண்டு பேரும் டீ குடிப்போம், ஸ்கூலைப் பற்றிப் பேசுவோம், நீ தலையைக் குனிந்துகொள்வாய், நான் ஒண்ணுமில்ல பாப்பா என்பேன். பிறகு நீ எழுந்து போய்விடுவாய். எனக்குத் தெரியும். அதனால் வராமல் இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

அந்தத் தாளை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பதில் எதுவும் எழுதாமல், காலியாக.

முதல் கடிதத்தில் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். நலமா?

அக்கா சொன்னது இவ்வளவுதான். கீழே கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவை வாங்கினார்கள். 'கா' வரைக்கும் வந்தது, அதற்குமேல் வரவில்லை. பிறகு அவர்களே மை கேட்டார்கள். என் தம்பியின் ஸ்டாம்பு மையைக் கொண்டுவந்தேன். மூன்று முறை வைத்தும் கோடு எதுவும் விழவில்லை, வெறும் கறையாகத்தான் இருக்கிறது. அது அவர்கள் விரல்தான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

தமயந்தி